பதில் வந்த பாகம்

எடையூர் கொள்முதல் நிலையத்தில்
ஒன்பது நாளாக நெல் கிடக்கிறது,
நெல்லோடு ஆட்களும்.
படுதாவில் இறங்கும் பனியை
விடியுமுன் துணியால் ஒற்றியெடுக்கிறவர்கள்
இரவில் உத்திராபதியின் செல்போனைச்
சாக்கு அடுக்கில் சாய்த்துவைத்து
அந்தத் தொடரைப் பார்த்தார்கள்.
தமிழில் பேசவைத்திருந்தார்கள்,
உதடு ஒரு பக்கம் போக
சொல் ஒரு பக்கம் போனது.

நான் இங்கே பட்டியல் எழுதுகிறவள்,
பருவகால எழுத்தர்.
நாவலைப் படித்திருந்தது நான் ஒருத்திதான்.
அதனாலேயே என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

கதை இவ்வளவுதான்.
வெகு தொலைவில் ஒரு கோள், அதில் ஒரு நிலையம்,
அங்கிருந்து ஒருத்தி
பூமிக்கு ஒரு கேள்வி அனுப்புகிறாள்.
போய்ச் சேரப் பதினோரு வருடம்.
பதில் திரும்ப இன்னொரு பதினொன்று.
புத்தகத்தில் அந்த இடைவெளிக்கு
இருநூற்று நாற்பது பக்கம்:
குழாய் மாற்றுகிறாள், பாசி வளர்க்கிறாள்,
கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்குகிறாள்.
ஒரு நாள், பாத்திரம் கழுவும்போது,
கேட்டது என்னவென்பது மறந்துவிடுகிறது.

தொடரில்
நான்காம் பாகத்திலேயே பதில் வந்துவிட்டது.
வயலின் அழுதது.
அவள் தலையில் ஒரே ஒரு நரை.

"இழுக்காம முடிச்சான், அது போதும்"
என்றார் வேதரத்தினம்.
ஜெகபர் அலிக்கு வானத்தில் ரெண்டு நிலா உதைத்தது:
"எந்தப் பிறையைப் பாத்து நோன்பு வைக்கிறது?
அதுக்கு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா?"
தையல்நாயகி முறத்தைக் கீழே வைக்காமல் சொன்னாள்:
"அத்தன வருஷம் தனியா இருக்கிறவளுக்குப்
பின்னல் மட்டும் யாரு போட்டுவிட்டா?"

மூட்டை தூக்கும் அகோரத்துக்கோ
முதல் பாகத்திலிருந்தே ஒரே குறை.
"அந்தப் பொண்ணு சிலிண்டர் தூக்குது பாருங்க,
கைதான் தூக்குது, முதுகு தூக்கல.
காலி சிலிண்டரு."
அங்கே ஈர்ப்பு குறைவு என்றேன்.
யோசித்தார்.
"அப்ப நாப்பது கிலோ மூட்டை அங்க எத்தன?"
பதினைந்து இருக்கும்.
"கூலி?"

ஈரப்பதம் பதினேழுக்கு மேல் வாங்கக்கூடாது.
மீட்டர் இருபது காட்டுகிறது.
இருபத்திரண்டு வரை வாங்க அனுமதி கேட்டு
மேலே எழுதியிருக்கிறது.
ஆறாம் நாள் மூன்று காரில் குழு வந்தது.
ஒரு பிடி நெல்லைப் பாலிதீன் பையில் போட்டு,
சீல் வைத்து, இளநீர் குடித்து,
பதில் வரும் என்றது.

ஐந்தாம் பாகத்தை யாரும் பார்க்கவில்லை.
தலைப்பு ஓடும்போதே மழை பிடித்துக்கொண்டது.
படுதாவை ஆளுக்கொரு முனை இழுத்தோம்.
எந்தச் சாக்குக்கு அடியிலோ சிக்கிய போனில்
அவள் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்,
வரப்பு மாதிரி நேரான தமிழில்.
காலையில் அடிமூட்டைகளைப் புரட்டினால்
வெள்ளை வெள்ளையாக முளை.

அன்று ராத்திரி துண்டைப் பிழிந்தபடி
வேதரத்தினம் கேட்டார்:
"புத்தகத்துல என்னதான் பதில் வந்துச்சு?"

ஏழாம் வகுப்புப் பரீட்சைபோல ஒப்பித்தேன்:
கேள்வி தெளிவாக வந்து சேரவில்லை.
மீண்டும் அனுப்பவும்.

அகோரம்தான் முதலில் சிரித்தார்.
பிறகு இருமல் வந்து எழுந்துபோனார்.
"அப்படியே எடுத்திருந்தா
நாங்க பாத்திருக்க மாட்டோம்"
என்றார் வேதரத்தினம், கோபமாக,
அதை நானே எழுதியவள்போல.
கொஞ்ச நேரம் தவளைச் சத்தம்.
"சரி, திருப்பி அனுப்புனாளா?"
அனுப்பினாள்.
"மறந்துபோச்சுன்னியே."
வேறு ஒன்று அனுப்பினாள்.
"என்னது?"
நூலகப் பிரதியில்
அந்தத் தாளில் பாதிதான் இருந்தது.

அவர் எழுந்துபோய்ப் படுதாவை விலக்கிக்
கைவிட்டு, ஆழத்திலிருந்து,
ஒரு பிடி எடுத்துவந்தார்.
மேசைமேல், மீட்டர் பக்கத்தில் வைத்தார்.
மணி பதினொன்றரை. அலுவலகம் மூடியாகிவிட்டது.
மீட்டரை ஆன் செய்தேன்.